அமெரிக்க அரசியல் யாப்பும் தலைவர் வழிபாடும்: உயர்தர மாணவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது?

உவர்மலை ரீச்சர்

வணக்கம். திருகோணமலையில் உயர்தர அரசறிவியல் படிக்கிற 18 பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை 90 நிமிடம் அமெரிக்க அரசியலமைப்புப் பற்றிக் கதைக்க வேண்டும். வலுவேறாக்கம், தடைகளும் சமன்பாடுகளும், நீதிப் புனராய்வு (சட்டம் யாப்புக்கு முரணா என்று நீதிமன்றம் பார்ப்பது) எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் கேட்பது பாடக்குறிப்பில் இல்லாத ஒன்று. தனியாள் கையில் அதிகாரம் குவியக் கூடாது என்று எழுதின யாப்பு இருக்கிற நாட்டில், நான்கு ஜனாதிபதிகளின் முகத்தை 60 அடி உயரத்துக்கு மலையில் செதுக்கி வைத்திருப்பது ஏன்? இங்கே தலைவர்களுக்குக் கட்அவுட் வைப்பதைக் குறை சொல்கிறோமே, அது இதிலிருந்து எப்படி வேறு?

இந்த வழிபாட்டுக்கும் யாப்பின் வாசகங்களுக்கும் தொடர்பு ஏதும் உண்டா, அல்லது இது மக்களின் மனப்பாங்கு மட்டும்தானா? லிங்கன், பிராங்ளின் ரூஸ்வெல்ட் போன்றவர்களை யாப்பை வைத்து எப்படி மதிப்பிடுவது? ஜனாதிபதியின் விடுபாட்டுரிமை (அவர்மேல் வழக்குத் தொடுக்க முடியாத பாதுகாப்பு) பற்றி அங்கே 2024இல் வந்த தீர்ப்பை நம் இலங்கை யாப்பின் 35ஆம் உறுப்புரையோடு ஒப்பிடலாமா? வழக்கின் பெயர், ஆண்டு, உறுப்புரை இலக்கத்தோடு எழுதினால் பெரிய உதவி.

கோட்டைவாசல்

தொடர்பு உண்டு ரீச்சர். மலையில் தொடங்காதீர்கள், ஒரு கூரையில் தொடங்குங்கள். வொஷிங்டன் நகரில் காங்கிரஸ் கூடுகிற கட்டடத்தின் கும்மட்டத்துக்கு உட்புறம், தரையிலிருந்து 180 அடி உயரத்தில் ஒரு ஓவியம் இருக்கிறது. கொன்ஸ்டன்ரீனோ புரூமிடி 1865இல் வரைந்து முடித்தது. ஜோர்ஜ் வொஷிங்டன் மேகங்களின் நடுவே அமர்ந்திருக்கிறார். மடியில் அரசர்களுக்குரிய ஊதாத் துணி. ஒரு பக்கம் சுதந்திர தேவி, மறுபக்கம் வெற்றித் தேவி. சுற்றிவர நிற்கும் 13 கன்னியர் ஆரம்ப மாநிலங்கள் பதின்மூன்றையும் குறிக்கிறார்கள். அவர் தெய்வநிலை அடைகிறார் என்பதுதான் ஓவியத்தின் பெயரே. நம் கோயில் விதானத்தில் தெய்வங்களுக்கு இருக்கிற இடம் அங்கே சட்டவாக்க சபையின் கூரையில் ஒரு ஜனாதிபதிக்குக் கிடைத்திருக்கிறது.

அடுத்ததாக யாப்பின் மூலப்பிரதியின் படத்தைக் காட்டுங்கள். தோலில் எழுதிய நான்கு பக்கங்கள். தைட்டானியம் சட்டமிட்ட கண்ணாடிப் பேழைகளில், ஆர்கன் வாயு நிரப்பி, மங்கலான வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். சனம் வரிசையில் நின்று குனிந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஆளையும் கும்பிடுகிறார்கள், ஏட்டையும் கும்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு முரணாகத் தெரிவது இந்த இரண்டும்தான். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்று.

1787இல் பிலடெல்பியாவில் 55 பேர் கூடி யாப்பை எழுதினார்கள், 39 பேர் கையொப்பமிட்டார்கள். தலைமைக் கதிரையில் இருந்தவர் வொஷிங்டன். முதல் ஜனாதிபதி யார் என்பதில் அந்த மண்டபத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அவரை முன்னால் வைத்துக்கொண்டே ஜனாதிபதியின் அதிகாரங்களைப் பற்றி விவாதித்தார்கள். தென் கரோலினாப் பிரதிநிதி பியர்ஸ் பட்லர் 1788 மே மாதம் எழுதிய கடிதத்தில் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்: உறுப்பினர்களில் பலர் ஜெனரல் வொஷிங்டனை மனதில் வைத்திராவிட்டால் அந்தப் பதவிக்கு இவ்வளவு அதிகாரம் போயிருக்காது. ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. இன்றுவரை வந்தவர் எல்லோரும் அதைத்தான் போட்டார்கள்.

வாசகத்திலும் அது தெரியும். சட்டவாக்கம் பற்றிய 1ஆம் உறுப்புரை "இதில் வழங்கப்பட்ட" சட்டவாக்க அதிகாரங்கள் என்று தொடங்குகிறது. 2ஆம் உறுப்புரையின் முதல் வரியில் அந்தச் சொற்கள் இல்லை, நிறைவேற்று அதிகாரம் ஒரு ஜனாதிபதியிடம் இருக்கும் என்பதோடு வரி முடிகிறது. அதிகாரத்தின் எல்லை பற்றி இன்றைக்கும் நடக்கிற வழக்குகளில் பெரும் பகுதி இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

நம் நாட்டில் இது இன்னும் வெளிப்படை. ஜே.ஆர். ஜயவர்தன நிறைவேற்று ஜனாதிபதியாகப் பதவியேற்றது 1978 பெப்ரவரி 4. அந்தப் பதவியை விரிவாக வகுத்த புதிய யாப்பு நடைமுறைக்கு வந்தது செப்டெம்பர் 7. பழைய யாப்புக்கு ஒரு திருத்தத்தைச் செய்து ஆள் முதலில் அமர்ந்தார், யாப்பு பின்னால் வந்தது. இந்த இரண்டு திகதிகளையும் பலகையில் எழுதி, இடையில் எத்தனை மாதம் என்று பிள்ளைகளையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாம்பல்தீவு

கோட்டைவாசல் அண்ணா சொன்னது பாதிக் காரணம். மற்றப் பாதி 5ஆம் உறுப்புரையில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பாதி.

திருத்தம் ஒன்று வேண்டுமென்றால் காங்கிரசின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு, பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று, அதாவது 50இல் 38. பதின்மூன்றே மாநிலங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது நிறைவேறாது. எவ்வளவு சிறிய மாநிலமாக இருந்தாலும் ஒன்று ஒன்றுதான். இதுவரை நிறைவேறியவை 27. அதில் முதல் பத்தும் 1791இல் ஒன்றாக வந்தவை. கடைசியானது 1992இல் நிறைவேறியது, ஆனால் அது முன்மொழியப்பட்டது 1789இல். 202 வருடம் கிடந்த திருத்தத்தை டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 1982இல் ஒரு கட்டுரைக்காகத் தேடும்போது கண்டெடுத்து, மாநில சட்டசபைகளுக்குக் கடிதம் எழுதி எழுதி உயிர் கொடுத்தார். கட்டுரைக்கு அவருக்குக் கிடைத்தது சி தரம். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி விளைவைப் பாருங்கள். வாசகம் அசையாது, காலம் அசைகிறது. அப்படியென்றால் பொருளைத்தான் அசைக்க வேண்டும். அதைச் செய்பவர்கள் இரண்டு கூட்டம்: நீதிபதிகள், ஜனாதிபதிகள். நாட்டின் பெரிய மாற்றங்கள் திருத்தமாக வராமல் ஒரு ஆளின் செயலாகவோ ஒன்பது பேரில் ஐந்து பேரின் தீர்ப்பாகவோ வரும்போது, சனம் அந்த ஆட்களைப் பிடித்துக்கொள்கிறது. நீதிபதிகளுக்கும் இந்த வழிபாடு உண்டு. ரூத் பேடர் கின்ஸ்பர்க் அணிந்த கழுத்துப்பட்டிகூடப் பொம்மையிலும் குவளையிலும் வந்தது. அங்கே நீதிபதிக்கு ஓய்வு வயது இல்லை. அவர் 2020 செப்டெம்பர் 18இல் 87 வயதில் பதவியில் இருந்தபடியே காலமானார். ஆறு வாரத்துக்குள் அந்த இடத்துக்கு எதிர்ப்பக்கச் சிந்தனையுள்ளவர் வந்தார். 2022 யூன் 24இல் கருக்கலைப்பு உரிமை பற்றிய அரைநூற்றாண்டுத் தீர்ப்பு கவிழ்ந்தது. ஒரு உரிமை ஒரு மனிதரின் ஆயுளில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதைத்தான் இது காட்டுகிறது. நம் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் 65 வயதில் ஓய்வு பெறுகிறார்கள், இந்த ஒரு விடயத்தில் நம் யாப்பு மேல் என்றே சொல்வேன்.

நீதிப் புனராய்வு யாப்பில் எங்கே எழுதியிருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், எழுதியே இல்லை என்று சொல்லுங்கள். 1803 பெப்ரவரி 24, மார்பரி எதிர் மடிசன். மார்பரிக்குச் சமாதான நீதவான் நியமனக் கடிதம் கையொப்பமாகி, முத்திரையும் வைத்தாகிவிட்டது. கைக்குத்தான் போய்ச் சேரவில்லை. சேர்க்காமல் விட்ட இராஜாங்கச் செயலாளர் ஜோன் மார்ஷல். வழக்கு வந்தபோது பிரதம நீதியரசராக இருந்தவரும் அதே மார்ஷல்தான். அவர் மூன்று படியாகப் போனார்: மார்பரிக்கு உரிமை உண்டு, அதற்குச் சட்டத்தில் பரிகாரமும் உண்டு, ஆனால் இந்த நீதிமன்றத்துக்கு அந்தக் கட்டளையை இட அதிகாரம் தருகிற 1789ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு யாப்பின் 3ஆம் உறுப்புரைக்கு முரண், ஆகவே செல்லாது. மார்பரி தோற்றார், நீதிமன்றம் சட்டத்தையே தள்ளுபடி செய்யும் வல்லமையைப் பெற்றது. அதே வல்லமையை அவர்கள் இரண்டாம் முறை காங்கிரசின் சட்டம் ஒன்றின் மேல் பாவித்தது 54 வருடம் கழித்து, 1857இல், அடிமை முறைக்குச் சாதகமாக, டிரெட் ஸ்கொட் வழக்கில். இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் மார்ஷலும் இன்னொரு சிலையாகிவிடுவார்.

இங்கே கதை தலைகீழ். 80(3) உறுப்புரைப்படி சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகு எந்த நீதிமன்றமும் சட்டத்தைக் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் வந்து ஒரு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போனால்தான் உண்டு. திருத்தமோ 44 வருடத்தில் 21ஆம் இலக்கம் வரை வந்துவிட்டது. அங்கே ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பிறகு, இரண்டு தவணை வரம்பு 1947இல் முன்மொழியப்பட்டு 1951இல் நிறைவேறியது. இங்கே அதே வரம்பை நீக்கிய 18ஆம் திருத்தம் 2010 செப்டெம்பர் 8இல் 161க்கு 17 என்று ஒரே நாளில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அங்கே யாப்பு அசையாததால் ஆள் பெரிதாகிறார். இங்கே ஆள் பெரிதானதும் யாப்பை அவருக்கு ஏற்ப வெட்டித் தைக்கிறோம்.

கிழக்கு மாகாண சபை இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் என்பதால் இன்னொன்று. அங்கே மாநிலங்களின் சம்மதம் இல்லாமல் திருத்தம் நிறைவேறாது. இங்கே மாகாண சபைகள் பற்றிய அத்தியாயத்தை மாற்ற வந்தால் 154எ(2)இன்படி எல்லாச் சபைகளிடமும் கருத்துக் கேட்க வேண்டும், ஆனால் ஒரு சபை மறுத்தாலும் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு இருந்தால் மாற்றிவிடலாம்.

கன்னியா

லிங்கன், ரூஸ்வெல்ட் பற்றிய கேள்விக்கு. நல்லவரா கெட்டவரா என்று வாதம் வைத்தால் 90 நிமிடமும் அதிலேயே போய்விடும். ஒவ்வொரு செயலாக எடுங்கள். எந்த வாசகத்தின் கீழ் செய்தார், யார் தடுக்கப் பார்த்தார்கள், தடை பலித்ததா, அந்த அதிகாரம் பின்னால் வந்தவர் கையில் என்னவாயிற்று? இந்த நாலு கேள்வி போதும்.

லிங்கன் 1861 ஏப்ரல் 27இல் பிலடெல்பியாவுக்கும் வொஷிங்டனுக்கும் இடைப்பட்ட படைப்பாதையில் ஆட்கொணர்வு மனுவை இடைநிறுத்த இராணுவத்துக்கு அதிகாரம் கொடுத்தார். ஆட்கொணர்வு மனு என்றால் என்ன என்று நம் பகுதிப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. யாப்பில் இடைநிறுத்த அனுமதி இருக்கிறது, கிளர்ச்சி அல்லது படையெடுப்புக் காலத்தில் மட்டும். யார் இடைநிறுத்தலாம் என்றுதான் எழுதவில்லை. ஆனால் அந்த வரி இருக்கிற இடம் 1ஆம் உறுப்புரையின் 9ஆம் பிரிவு, அதாவது காங்கிரசுக்குரிய பகுதி. மெரிமன் என்பவரைப் பிடித்தபோது பிரதம நீதியரசர் டேனி இந்தக் காரணத்தைச் சொல்லியே ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை என்று எழுதினார். இராணுவம் ஆளை விடவில்லை. ஒரு சட்டத்தைக் காப்பாற்றப் போய் மற்ற எல்லாச் சட்டமும் அழிய விடுவதா என்று லிங்கன் யூலை 4இல் காங்கிரசிடம் கேட்டார். காங்கிரஸ் சட்டம் இயற்றி அனுமதி கொடுத்தது 1863இல். சிவில் நீதிமன்றங்கள் திறந்திருக்கிற இடத்தில் குடிமக்களை இராணுவ மன்றம் விசாரிக்க முடியாது என்று மில்லிகன் வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது 1866இல். போர் முடிந்து, லிங்கனும் இறந்த பிறகு. தடை வேலை செய்தது, ஆனால் ஆபத்து கடந்த பின்புதான். இந்தக் காலதாமதத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடிமை ஒழிப்பிலும் இதே கவனம் தேவை. 1863 சனவரி 1 பிரகடனம் படைத்தளபதி என்ற அதிகாரத்தில் வந்தது, கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டும். முழு நாட்டிலும் ஒழித்தது 1865இன் 13ஆம் திருத்தம். சிலைக்குக் கீழே முதலாவதுதான் நினைவுகூரப்படுகிறது.

ரூஸ்வெல்ட்டிடம் இரண்டு செயல்களை அடுத்தடுத்து வையுங்கள். 1936இல் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். மறு வருடமே, 70 வயது தாண்டியும் விலகாத நீதிபதி ஒவ்வொருவருக்கும் ஒருவராக, ஆறு பேர் வரை புதிதாக நியமிக்கச் சட்டம் கொண்டுவந்தார். ஒன்பது என்ற எண் யாப்பில் இல்லை, 1869இன் சாதாரணச் சட்டத்தில் இருக்கிறது, ஆகவே சட்டப்படி அது முடியும். தடுத்தது யார்? அவருடைய கட்சியே பெரும்பான்மையாக இருந்த செனற் சபை. 70க்கு 20 என்று குழுவுக்குத் திருப்பி அனுப்பிச் சட்டமூலத்தை முடித்தார்கள். தலைவரை நேசித்த ஆட்களே தடுத்தார்கள் என்பதுதான் இதில் பெறுமதியான பாடம்.

ஐந்து வருடம் கழித்து, 1942 பெப்ரவரி 19, நிறைவேற்றுக் கட்டளை 9066. அதன் வாசகத்தில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது. இராணுவ வலயங்களை வகுத்து, அதிலிருந்து "எவரையும்" விலக்கலாம் என்று மட்டும் இருக்கிறது. அதன் கீழ் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லாத ஒழுங்குவிதி ஒரு சமூகத்தின் மேல் மட்டும் விழுவது எப்படி என்று பிள்ளைகளே சொல்வார்கள். 1944இல் கொரெமட்சு வழக்கில் 6க்கு 3 என்று நீதிமன்றம் அனுமதித்தது. மறுத்த நீதியரசர் ஜாக்சன், இந்தக் கொள்கை குண்டு நிரப்பிய துப்பாக்கிபோல அடுத்தவர் கை நீட்டும் இடத்தில் கிடக்கும் என்று எழுதினார். உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலரும் மன்னிப்பும் 1988இல்தான் கிடைத்தன.

மலையைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. அந்த மலை இருக்கிற நிலம் 1868 உடன்படிக்கையில் லகோட்டா மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. பறித்ததற்கு நட்டஈடு கொடு என்று 1980இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் பணத்தைத் தொடவில்லை, நிலத்தைக் கேட்டார்கள்.

உவர்மலை ரீச்சர்

மிக்க நன்றி. சாம்பல்தீவு சொன்ன தலைகீழ் ஒப்பீட்டை அப்படியே எடுக்கிறேன். 2024 தீர்ப்பை யாராவது எழுத முடியுமா? "ஜனாதிபதி இனி எதையும் செய்யலாம்" என்று பிள்ளைகள் எங்கோ வாசித்துவிட்டு வருகிறார்கள். தீர்ப்பை நேரடியாக வாசிக்கச் சொன்னால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

தம்பலகாமத்தான்

ட்ரம்ப் எதிர் ஐக்கிய அமெரிக்கா, 2024 யூலை 1, 6க்கு 3. "எதையும் செய்யலாம்" என்பது பிழை, ஆனால் பயம் வீணானதல்ல. தீர்ப்பு செயல்களை மூன்றாகப் பிரிக்கிறது. மன்னிப்பு வழங்கல், வெளிநாட்டு அரசை அங்கீகரித்தல் போன்று யாப்பு ஜனாதிபதிக்கு மட்டும் கொடுத்த அதிகாரங்களில் முழுமையான விடுபாடு. மற்ற உத்தியோகபூர்வச் செயல்களில் விடுபாடு உண்டென்று முதலில் அனுமானம். வழக்குத் தொடுத்தால் நிறைவேற்றுத்துறையின் பணிக்கு இடையூறு வராது என்று அரச தரப்பு காட்டினால்தான் அனுமானம் விலகும். தனிப்பட்ட செயலுக்கு விடுபாடு எதுவுமில்லை. சிக்கல் எதிலென்றால், எது உத்தியோகபூர்வம் என்று பார்க்கும்போது உள்நோக்கத்தை நீதிமன்றம் ஆராயக் கூடாது என்று சேர்த்துச் சொன்னதில். இலஞ்சமா கடமையா என்று பிரிப்பதே பெரும்பாலும் உள்நோக்கத்தை வைத்துத்தானே.

இந்த விடுபாடு யாப்பில் எழுத்தில் இல்லை. காங்கிரஸ் உறுப்பினர்களின் பேச்சுக்குப் பாதுகாப்பு எழுதியிருக்கிறது, ஜனாதிபதிக்கு அப்படி ஒரு வரி இல்லை.

நம் 35ஆம் உறுப்புரையோடு ஒப்பிடலாம், ஆனால் இரண்டும் வேறு திசையில் வெட்டுகின்றன. இங்கே பதவியில் இருக்கும்வரை உத்தியோகபூர்வச் செயலுக்கும் தனிப்பட்ட செயலுக்கும் வழக்குத் தொடுக்க முடியாது, பதவி போனதும் பாதுகாப்பும் போய்விடும். அங்கே உத்தியோகபூர்வச் செயலுக்கு மட்டும், ஆனால் பதவி போன பிறகும் தொடரும். இங்கே இன்னொரு வாசலும் உண்டு: உத்தியோகபூர்வச் செயல் அடிப்படை உரிமையை மீறினால் 126ஆம் உறுப்புரையின் கீழ் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி மனுப் போடலாம். 19ஆம் திருத்தம் திறந்தது, 20 மூடியது, 21 மறுபடி திறந்தது. 2018 டிசம்பர் 13இல் பாராளுமன்றக் கலைப்புச் செல்லாது என்று ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்த்தது இந்த வாசல் வழியாக வந்த மனுக்களில்தான். மனுவுக்குக் காலம் ஒரு மாதம்.

வாசிக்கும் முறை: முதலில் வரும் சுருக்கம் தீர்ப்பின் பகுதி அல்ல. அதன் முதல் பக்கத்திலேயே அப்படி அச்சிட்டிருக்கும். பிள்ளைகள் அதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள், தடுத்துவிடுங்கள். சுருக்கத்தின் கடைசியில் யார் எந்தப் பகுதியோடு உடன்பட்டார் என்று ஒரு பந்தி இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். இந்த வழக்கில் நீதியரசர் பரெட் மூன்றாம் பகுதியின் சீ பிரிவில் சேரவில்லை. உத்தியோகபூர்வச் செயல்களைச் சாட்சியமாகக்கூடப் பாவிக்க முடியாது என்று சொல்கிற இடம் அது. ஆகவே 6க்கு 3 என்று பொதுவாகச் சொன்னாலும் அந்த ஒரு பிரிவு 5க்கு 4. மறுப்புத் தீர்ப்பை ஆசையோடு வாசிக்கலாம், ஆனால் சட்டம் அதில் இல்லை.

கோட்டைவாசல்

வகுப்பை நடத்துவதில் இடறுகிற இடங்கள் சில. தமிழில் தேடினால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கட்டுரைகள். அங்கே உச்ச நீதிமன்றம் என்பது இங்கே உயர் நீதிமன்றம். அவர்கள் உயர் நீதிமன்றம் என்பது இங்கே மேல் நீதிமன்றத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது. தொடக்கத்திலேயே பலகையில் எழுதாவிட்டால் விடைத்தாளில் எல்லாம் குழம்பும். குற்றப்பிரேரணையும் அப்படித்தான். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையால் குற்றம் சாட்டுகிறது, செனற் சபை மூன்றில் இரண்டால்தான் நீக்குகிறது. 1868இல் ஜோன்சன் ஒரு வாக்கால் தப்பினார். 1998இல் கிளின்டன், 2019இலும் 2021இலும் ட்ரம்ப். நான்கு முறை குற்றச்சாட்டு, ஒருவரும் நீக்கப்படவில்லை. நிக்சன் 1974இல் விலகியதால் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

மூன்று மூன்று பேராக ஆறு குழு. இரண்டு படத்துக்கும் 10 நிமிடம். 2ஆம் உறுப்புரையையும் 1இன் 9ஆம் பிரிவையும் பிரதி எடுத்துக் கொடுத்து 20. கன்னியா சொன்ன நாலு கேள்வியோடு குழுவுக்கு ஒரு செயல்: 1861, 1863, 1937, 1942, 2024, ஆறாவதாக நம் 2010. அதற்கு 35. மிச்சம் 25இலும் 35ஆம் உறுப்புரை. செயலைக் கொடுக்கும்போது ஆளின் பெயரை எழுதாதீர்கள். ஜனாதிபதி என்று மட்டும் போட்டு, விடை வந்த பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயர் முன்னால் வந்தால் பிடித்தவருக்கு ஒரு நியாயம், பிடிக்காதவருக்கு ஒரு நியாயம் என்று விடை மாறிவிடும்.

35ஆம் உறுப்புரையைப் பிரதி எடுக்கும்போது 21ஆம் திருத்தம் வரை சேர்த்த பதிப்பா என்று அட்டையைப் பார்த்து எடுங்கள். 2020 பதிப்புக் கையில் கிடைத்தால் சட்டமா அதிபருக்கு எதிரான மனுப் பற்றிய பகுதி அதில் இருக்காது.